தொழில்வழிச் சிகிச்சை: இங்கே 'தொழில்' என்பது எது?

அன்றாடச் செயல்களைச் செய்யவைத்தே அவற்றை மீட்டுத் தருவது தொழில்வழிச் சிகிச்சை. கைவிரல் வெட்டுப்பட்டவரை அதற்குப் போகச் சொன்னால், "வேலைக்குப் போக இன்னும் ஏலாதே, அதுக்குள்ள என்ன தொழில்?" என்று கேட்பார். தையலோ தச்சோ பழக்கும் இடமாக்கும் என்று நினைத்துப் போகாமல் விடுகிறவர்களும் உண்டு. 'ஓ.ரி.' என்று சுருக்கினாலும் குழப்பம் தீராது. வேலைத்தலத்தில் அது மேலதிக நேர வேலை.

மூலச்சொல் 'ஒக்கியுபேஷனல் தெரபி'. முற்பாதியின் வேர் இலத்தீனில் 'ஒக்குபாரே', அதாவது கைப்பற்றுதல். மனிதரின் நேரத்தையும் மனத்தையும் பிடித்து வைத்திருக்கும் எல்லாச் செயலும் அதற்குள் அடங்கும். கூலிவேலை அதில் ஒரு பங்குதான். 'தெரபி' கிரேக்கம்: பணிவிடை, பராமரிப்பு. இரண்டையும் சேர்த்து 1914 இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜோர்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இத்துறைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

தமிழில் 'தொழில்' ஜீவனோபாயமாகச் சுருங்கியது பேச்சில்தான். உண்ணல், உடுத்தல், நடத்தல், பிடித்தல் ஆகியவற்றை இலக்கணம் தொழிற்பெயர் என்கிறது. சைவம் சொல்லும் ஐந்தொழிலிலும் தொழில் என்பது செயலே. விபத்து பறித்ததும் சிகிச்சை மீட்பதும் இந்தத் தொழிற்பெயர்களைத்தான். ஆகவே சொல் பொருத்தமானது. 'தொழில்சார் சிகிச்சை' என்று எழுதுவது மட்டும் வேண்டாம். தொழில்சார் நோய், தொழில்சார் சுகாதாரம் என்பவை வேறு துறை. இங்கே உயிரான உறுப்பு 'வழி': செயலைச் செய்வதே மருந்து. 'செயல்வழி மருத்துவம்' என்பதும் தெளிவான சொல்தான்.

உதாரணத்துக்கு வெள்ளாமை வெட்டை, அதாவது நெல் அறுவடையைப் பார்ப்போம். மெஷின் வந்த பிறகும், பயிர் சாய்ந்து கிடக்கும் ஈரவயலுக்குத் தாக்கத்தி (அரிவாள்) தேவைப்படுகிறது. இடக்கை தாளைக் கொத்தாகப் பிடிக்க வலக்கை அறுக்கும். கத்தி வழுக்கினால் வெட்டு விழுவது இடக்கை விரலில். "நரம்பு அறுந்திட்டு" என்று வீட்டார் சொல்வது அநேகமாக விரலை மடக்கும் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரைத்தான். தைத்த பின் புறங்கைப் பக்கம் போடும் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கும் பட்டை) ஏறத்தாழ 6 கிழமை இருக்கும். அது இருக்கும்போதே, சிகிச்சையாளர் காட்டிய அளவுக்கு விரலை அசைக்கவேண்டும். அசையாத நாண் தழும்போடு ஒட்டி விரல் விறைத்துவிடும். 5 ஆம் கிழமையில் நோ குறைந்திருக்கும். ஆபத்தும் அப்போதுதான்: கை சுகம் என்று நம்பிக் கிணற்று வாளியைத் தூக்கினால், இன்னும் பலம் ஏறாத நாண் அறுந்துபோகலாம். விரல் திடீரென மடங்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஸ்பிளின்ட் கழன்றதும் பொத்தான் பூட்டுதல், சோறு பிசைதல். 8 ஆம் கிழமையளவில் ரொட்டிக்கு மா குழைத்தல். இறுக்கிப் பிடித்து இழுக்கும் வேலை பொதுவாக 12 கிழமைக்குப் பிறகுதான், அதுவும் சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதித்தால். பிடியின் பலத்தை அளக்கும் பிடிபலமானியை மூன்று தரம் அழுத்தவைத்துச் சராசரியை மற்றக் கையோடு ஒப்பிடுவார்கள். விரல் முழுதாக மடங்காதவருக்கு மண்வெட்டிப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கொடுத்தால் வழுக்காது.

வயலில் முதல் நாள் 20 நிமிடம் வெட்டு, 10 நிமிடம் ஓய்வு என்று இரண்டு மணித்தியாலம் போதும். மறுநாள் காலையில் வீக்கம் மிஞ்சியிருந்தால் நேரத்தைக் குறைக்கவேண்டும். 50 கிலோ உரமூடை எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த நாட்களில் போடியார் (வயற்சொந்தக்காரர்) வாடிக் காவலைக் கொடுத்தால் கூலியும் நிற்காது, கையும் தேறும். 'முழுச்சுகம் வந்தபிறகு வா' என்று அனுப்புவது பெரும் பிழை. வீட்டில் கிடந்தால் கைப்பலமும் போகும், பயமும் ஏறும்.

சிகிச்சைத் துண்டில் 'விவசாயி' என்று மட்டும் எழுதினால், எந்த அசைவை மீட்பது என்று சிகிச்சையாளருக்குத் தெரியாது. 'தாள் பிடித்தல், அறுத்தல், கட்டுச் சுமத்தல், வரம்பில் நடத்தல்' என்று எழுதவேண்டும். வாவியில் வலை வீசுகிறவர் என்றால் 'தோளில் வலை தாங்கல், இடுப்பைத் திருப்பி வீசுதல், ஈரவலை இழுத்தல்'.