சர்க்கரைப் புகாரும் ஆவணம்தான்

1946-இல் அமெரிக்காவில் சர்க்கரைக்கு இன்னும் ரேஷன். பிரின்ஸ்டன் நகரில் இருக்கும் உயராய்வு நிறுவனத்தில் மாலைத் தேநீர் தவறாமல் நடக்கும் வழக்கம். ஐன்ஸ்டைன், கியோடெல் போன்றவர்கள் இருந்த இடம் அது. அங்கே புதிதாக வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் திட்டத்து ஆட்கள் தங்கள் பங்குக்கு மேல் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு புகார் கிளம்பியது. வாய்ப்பேச்சோடு நிற்காமல் அது கடிதமாகவும் ஆனது. அந்தக் கடிதம் கோப்பில் தங்கிவிட்டது.

இதை யாராவது காப்பகத்தில் வைப்பார்களா என்று கேட்கத் தோன்றும். நான் வைப்பேன். தாளும் பென்சிலும் மட்டுமே கருவியாக இருந்த கணித அறிஞர்கள் நடுவே, சால்டரிங் இரும்போடு ஒரு பொறியாளர் கூட்டம் வந்து இறங்கியபோது உள்ளே என்ன உரசல் இருந்தது என்பதை எந்த முன்னேற்ற அறிக்கையும் சொல்லாது. திட்டத்தின் தலைவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே அந்த நிறுவனம் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் கடையைக் கட்டியது. ஏன் என்று பின்னால் தேடுகிறவருக்கு இந்த மாதிரித் துண்டுக் கடிதங்கள்தான் வழி காட்டும்.

ஆவணக் காப்பாளர் வேலையில் இருக்கிறேன். கல்லூரி, ஆய்வுக்கூடம், பழைய ஆலை என்று பல இடங்களிலிருந்து கூப்பிடுவார்கள். “எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம், வந்து சொல்லுங்கள்.” போனால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே காட்சி. பொன்விழா மலரும் ஆண்டறிக்கைகளும் மந்திரி வந்த ஆல்பமும் கண்ணாடி அலமாரியில் பூட்டுப் போட்டு இருக்கும். இயந்திரம் ஓடியதை அன்றன்று எழுதி வைக்கும் லாக் புத்தகங்களும் கடிதக் கோப்புகளும் சோதனைக் குறிப்புகளும் ஜெனரேட்டர் அறையில் சாக்கு மூட்டையில், பழைய பேப்பர்காரருக்காகக் காத்திருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் மூட்டையைத்தான் எடுப்பேன். மலர் எப்படியும் நூறு வீட்டில் இருக்கும். லாக் புத்தகம் உலகத்தில் ஒன்றே ஒன்று.

பிரின்ஸ்டன் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயரே எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் திட்டம்தான். இயக்குநர் ஜான் வான் நியூமன். அவரோடு ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஆர்தர் பர்க்ஸும். தலைமைப் பொறியாளர் ஜூலியன் பிகலோ. ராணுவமும் கடற்படையும் பணம் கொடுத்தன, பிறகு அணுசக்தி ஆணையமும் சேர்ந்தது. முதல் பட்டறை, நிறுவனத்தின் ஃபுல்ட் ஹால் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். நினைவகத்துக்கு ஆர்.சி.ஏ. கம்பெனி ஒரு புது வகைக் குழாய் செய்து தருவதாக இருந்தது. அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆகவே மான்செஸ்டரில் உருவான வில்லியம்ஸ் குழாய் முறைக்கு மாறினார்கள். டிவிப் படக்குழாய் இனத்தைச் சேர்ந்த 40 குழாய்கள். ஒவ்வொன்றின் திரையிலும் 1,024 மின்னூட்டப் புள்ளிகள். மொத்தம் 40,960 பிட், அதாவது 5 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்று அதற்குள் அடங்காது.

1952 ஜூன் 10 அன்று இயந்திரத்தை ஊரறிய அறிமுகப்படுத்தினார்கள். விழாத் தேதியை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் இயந்திரம் அன்று பிறந்ததாகிவிடும். ஆனால் 1951 கோடையிலேயே அது வெப்ப அணுக்கரு வினை தொடர்பான, அதாவது ஹைட்ரஜன் குண்டுக்கான, பெரிய கணக்கு ஒன்றை இரவு பகலாக 60 நாள் ஓட்டியிருந்தது. அழைப்பிதழ் அச்சடிக்கும்போது இதையெல்லாம் யாரும் எழுதமாட்டார்கள்.

இனி லாக் புத்தகத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இயந்திரத்தை யார் எப்போது இயக்கினார்கள், எந்தக் கணக்கு ஓடியது, எங்கே நின்றது, என்ன செய்து மறுபடி ஓட வைத்தார்கள் என்று கையால் எழுதிய பதிவுகள். வில்லியம்ஸ் குழாயில் புள்ளிகளின் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஏதாவது மின் சலனம் என்றாலும் புள்ளி குழம்பும். அதனால் இயந்திரத்தை ஓட்டியவர்கள் கண்ணில் பட்டது, மூக்கில் ஏறியது எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். ஓர் எலி காற்றூதியில் ஏறிச் சிக்கி, ஊதி அதிர ஆரம்பித்து, எலியின் கதை முடிந்தது வரை அதில் இருக்கிறது. சிரிப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்கு ஓடிய கணக்கு தப்பாக வந்திருந்தால், காரணம் தேடுகிறவருக்கு அந்த எலி முக்கியமான சாட்சி.

1953-இல் நீல்ஸ் பாரிசெல்லி என்ற விஞ்ஞானி அந்த 5 கிலோபைட்டுக்குள் எண்களைப் பரிணமிக்க விட்டுப் பார்த்தார். உயிர்கள் எப்படிப் பெருகின, எப்படி ஒன்றோடு ஒன்று கூடின என்பதை எண்களை வைத்துப் புரிந்துகொள்ளும் முயற்சி. விடை விசித்திரமாக வந்தபோதெல்லாம் லாக் புத்தகத்தில் தகராறுதான். புரோகிராம் சரி, இயந்திரம்தான் தப்பு என்று அவர் சொல்வதாக ஒரு பதிவு. குற்றம் இயந்திரத்துடையது அல்ல, புரோகிராமில்தான் பிழை என்று இன்னொரு பதிவு. புரோகிராமைத் துளைகளாகப் பதிந்து வைக்கும் அவருடைய துளை அட்டைப் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது: இந்தப் புரோகிராமில் நீங்கள் இன்னும் எங்களுக்கு விளக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்ற பொருளில். பிழை வன்பொருளிலா மென்பொருளிலா என்று இன்றும் ஒவ்வோர் ஆபீஸிலும் இரண்டு குழுக்கள் அடித்துக்கொள்கின்றன. அந்தச் சண்டையின் தொடக்க நாட்கள், கையெழுத்தோடும் நேரத்தோடும், இந்தப் பக்கங்களில் இருக்கின்றன. அச்சான கட்டுரையில் விடை மட்டும்தான் மிஞ்சியது.

தேதியும் பெயரும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே காலத்தில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. எட்வாக் என்ற இயந்திரத்தைப் பற்றி 1945 ஜூன் 30 தேதியிட்ட ஒரு முதல் வரைவு சுற்றுக்கு விடப்பட்டது. அட்டையில் வான் நியூமனின் பெயர் மட்டும்தான். அந்த வடிவமைப்பில் சேர்ந்து உழைத்த பிரெஸ்பர் எக்கர்ட், ஜான் மாக்லி பெயர்கள் இல்லை. மேற்கோள் வர வேண்டிய இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. வரைவுதானே என்று விட்டிருப்பார்கள். 1947 ஏப்ரல் 8 அன்று நடந்த கூட்டத்தில், அந்த வரைவு பலருக்குப் போய்ச் சேர்ந்ததே வெளியீடு ஆகும் என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அதோடு எட்வாக் காப்புரிமைக் கனவு போனது.

அதற்கு முன்னால் அதே எக்கர்ட்டும் மாக்லியும் உருவாக்கிய எனியாக் இயந்திரத்தின் காப்புரிமைக்கும் அதே கதிதான். விண்ணப்பம் 1947 ஜூன் 26 அன்று போனது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட பொருளுக்கு அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. எனியாக் 1945 டிசம்பரிலேயே அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமாஸின் கணக்கைப் போட்டிருந்தது. இது நீதிமன்றம் வரை போய், 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி ஏர்ல் லார்சன் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஐயோவாவில் ஜான் அட்டனாசாஃப் செய்த கணக்கிடும் இயந்திரத்தை மாக்லி 1941 ஜூனில் நேரில் போய்ப் பார்த்தவர், அவருடைய யோசனைகளிலிருந்து எடுத்துக்கொண்டவர் என்பது. தீர்ப்பு வந்த காலத்தில் அட்டனாசாஃப் செய்த இயந்திரம் கிடையாது, எப்போதோ பிரித்துப் போட்டுவிட்டார்கள். அவருடைய கல்லூரி காப்புரிமை விண்ணப்பத்தைக்கூடச் சமர்ப்பிக்கவில்லை. அவர் 1940-இல் எழுதிய விளக்கக் குறிப்பும், இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களும்தான் முப்பது வருடம் கழித்து அவர் பக்கம் பேசின.

பிரின்ஸ்டன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தங்கள் வடிவமைப்பைப் பொதுச்சொத்தாக்கி, அறிக்கைகளைப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். அதை வைத்து லாஸ் அலமாஸில் மேனியாக், இல்லினாயில் இல்லியாக், சிட்னியில் சில்லியாக், இஸ்ரேலில் வைசாக், சுவீடனில் பெஸ்க் என்று ஒரு பரம்பரையே வளர்ந்தது. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் 1960-இல் ஓடத் தொடங்கிய டிஃப்ராக்கும் அதே 40 பிட் சொல் நீளத்தைக் கொண்டது, அதாவது ஒரு தடவையில் கையாளும் எண்ணின் அளவு 40 பிட். அந்தக் குழுவை வழிநடத்தியவர் சென்னையைச் சேர்ந்த ஆர். நரசிம்மன். அந்தப் பெயர் தெரியாத கணினிப் பட்டதாரிகள் நம் ஊரில் நிறைய என்பது என் வருத்தம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

திட்டம் முடிந்த பிறகு தாள்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வான் நியூமன் 1957 பிப்ரவரி 8 அன்று இறந்தார். அடுத்த வருடம் இயந்திரம் நின்றது, பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. வான் நியூமனின் தாள்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில். கோல்ட்ஸ்டைனுடையவை பிலடெல்பியாவில், அமெரிக்கத் தத்துவக் கழகத்தில். நிறுவனத்தின் கோப்புகள் இன்று அதன் சொந்தக் காப்பகத்தில். ஒரே கடிதத்தின் கேள்வி ஓர் ஊரிலும் பதில் இன்னோர் ஊரிலும் இருக்கலாம். அதனால் நான் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியலைக் கேட்பேன். வீட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரிப்பதுதான் பாதி வேலை.

விதியை மீறி வீட்டுக்குப் போன தாள்தான் சில நேரம் வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறது. பிரிட்டனின் ரகசியக் குறியுடைப்பு இயந்திரமான கொலோசஸின் வரைபடங்களை 1960-இல் மேலிடத்து உத்தரவுப்படி அதை வடிவமைத்த டாமி ஃபிளவர்ஸே கொதிகலனில் போட்டு எரித்தார். பிறகு 1990-களில் டோனி சேல் அதைத் திரும்பக் கட்ட முயன்றபோது கையில் இருந்தவை சில புகைப்படங்களும், பொறியாளர்கள் கமுக்கமாக எடுத்து வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளும்தான். கேம்பிரிட்ஜின் எட்சாக் இயந்திரத்துக்கும் மூல வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை என்றே நினைத்திருந்தார்கள். மறுகட்டுமானம் நடுவில் இருக்கும்போது, 2014-இல், அங்கே வேலை பார்த்த ஒரு முன்னாள் பொறியாளரிடமிருந்து 19 வரைபடங்கள் வந்தன. குப்பைக்குப் போக இருந்ததை அவர் எடுத்து வைத்திருந்தார்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு மூட்டை இருந்தால் என்ன செய்வது? முதலில், அடுக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு தேதிவாரியாகவோ தலைப்புவாரியாகவோ பிரித்து அடுக்குகிறவர்கள் செய்யும் சேதம் கரையான் செய்வதற்குக் குறைந்ததில்லை. ஒரு கடிதத்தின் பின்னால் எந்தச் சீட்டு குத்தியிருந்தது என்பதும் தகவல்தான். இருக்கிற வரிசையிலேயே, எந்த அறை, எந்த அலமாரி, யாருடைய கோப்பு என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதற்குப் பிறகுதான் துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் கழற்றுவது, காய்ந்த ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பருத்தி நாடா கட்டுவது எல்லாம்.

கிழிந்த தாளுக்கு செலோடேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று மூல ஆவணத்தையே லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டுகிறார்கள், மனசு கெட்டுப்போகிறது. ஒருமுறை செய்துவிட்டால் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது நடக்காத காரியம். பழைய ஃபேக்ஸ் தாள் வெளுத்துப் போகும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அம்மோனியா பிரிண்ட் வரைபடங்களை மற்ற தாள்களோடு சேர்க்காமல் தனியாக, வெளிச்சம் படாமல் வையுங்கள். பெட்டிகளைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுங்கள், அதிலிருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே.

எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வெற்றுப் படிவங்கள், ஒரே சுற்றறிக்கையின் ஐம்பது நகல், மாதாந்திரக் காகிதக் கொள்முதல் பில் எல்லாம் போகட்டும், மாதிரிக்குச் சில போதும். ஊழியர்களின் மருத்துவ, வங்கி விவரங்கள் உள்ள கோப்புகளைப் பிரித்து மூடி வையுங்கள். ஸ்கேன் செய்துவிட்டோமே, மூலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1953-இன் துளை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்றும் துளைகளை எண்ணலாம். உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் பிளாப்பியைத் திறந்து காட்டுங்கள் பார்ப்போம்.

கடைசியாக, இப்போது நடக்கிற வேலைக்கு. இன்றைய திட்டங்களின் லாக் புத்தகம் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு. சர்வர் எப்போது விழுந்தது, யார் ஓடிப்போய்ச் சரிசெய்தார், யார் யார் மேல் பழி போட்டார் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அட்மின் போனை மாற்றுவதற்குள் அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் குழுவில் இருப்பவர்களின் முழுப்பெயரும் பொறுப்பும் எழுதி இணைத்துவிடுங்கள். ஏற்றுமதி ஆகும் கோப்பில் உங்கள் போனில் பதிந்திருக்கும் பெயர்தான் வரும். “ஏசி குமார் புது நம்பர்” யார் என்று இருபது வருடம் கழித்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?