டர்பிடிட்டின்னா கொந்தளிப்பு இல்லைங்க, கலங்கல்

பழைய பாலத்த இடிச்சிட்டு புதுசு கட்டுற ஒரு எடத்துக்கு தண்ணி சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். ஓடைக்கரையில பெருசா ஒரு போர்டு வச்சிருந்தாங்க, "நீரின் கொந்தளிப்பு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டினால் பணி நிறுத்தப்படும்"னு. அந்தப் பக்கமா வந்த பெரியவர் ஒருத்தர் நின்னு போர்ட படிச்சாரு, ஓடைய எட்டிப் பாத்தாரு, அப்புறம் என்கிட்ட கேட்டாரு, "ஏம்ப்பா, தண்ணி அமைதியாத்தான ஓடுது, எங்க கொந்தளிக்குது?" எனக்கு சட்டுனு பதில் வரல, ஏன்னா அவரு கேக்குற அதே நேரத்துல தண்ணி சேத்த கரைச்சுவிட்ட மாதிரி பழுப்பா போய்க்கிட்டிருந்துச்சு, வேலைய நிறுத்தவேண்டிய நிலைமைதான், ஆனா போர்டுல இருந்த சொல் வேற எதையோ சொல்லுது. "ஐயா, கொந்தளிப்புன்னு தப்பா எழுதிட்டாங்க, தண்ணி கலங்குறதத்தான் சொல்ல வர்றாங்க"ன்னேன். "அப்ப அதுதான் கலங்கிக் கெடக்கே, நிறுத்தச் சொல்லு"ன்னாரு. அவ்ளோதான், அதுக்கு மேல நான் எதையும் விளக்கவே வேண்டியிருக்கல.

அந்த போர்டுல இருந்தது டர்பிடிட்டிங்கிற சொல்லோட மொழிபெயர்ப்பு. தப்பு எப்படி வந்திருக்கும்னு ஊகிக்கலாம், டர்பிடிட்டியும் டர்புலன்ஸும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பொறந்த சொல்லுங்க. ரெண்டுக்கும் மூலம் லத்தீன் மொழியில இருக்குற டர்பா, அதுக்கு கூட்டம், சந்தடி, அமளின்னு அர்த்தம். கூட்டம் புகுந்து அமளி துமளி ஆன மாதிரி இருக்குற தண்ணிய டர்பிடுஸ்னு சொன்னாங்க, அதுலருந்து வந்ததுதான் டர்பிடிட்டி. நாம அடிக்கடி சொல்ற டிஸ்டர்ப், ட்ரபிள் கூட அதே வேர்லருந்து வந்ததுதான். ஆனா டர்புலன்ஸ்ங்கிறது தண்ணியோட ஓட்டம் எப்படி சுழிச்சு புரளுதுங்கிறது, டர்பிடிட்டிங்கிறது தண்ணிக்குள்ள மிதக்குற பொடியால அது எவ்ளோ மங்கிப்போயிருக்குங்கிறது. பாறை மேல நுரைச்சு விழுற அருவித்தண்ணி கொந்தளிக்கும், ஆனா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கலாம். அசையாம கெடக்குற குட்டைத்தண்ணி அடி தெரியாம கலங்கியிருக்கலாம். இந்த ரெண்டையும் ஒரே சொல்லுல அடைச்சா பெரியவர் கேட்ட கேள்விதான் வரும்.

சரி, இத அளக்குறது எப்படின்னா, அடிப்படை வெளிச்சம்தான். பழைய முறையில அடி தட்டையா இருக்குற கண்ணாடிக் குழாய்க்கு கீழ ஒரு மெழுகுவத்திய ஏத்தி வச்சிட்டு, மேலருந்து பாத்துக்கிட்டே தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்துவாங்க, சுடரோட உருவம் கலைஞ்சு வெறும் வெளிச்சமா மங்குற எடத்துல நிறுத்தி தண்ணியோட உயரத்த பாத்து கணக்கு போடுவாங்க, ஜாக்சன் மெழுகுவத்தி முறைன்னு அதுக்குப் பேரு. இப்ப இருக்குற மீட்டர் ஒரு பக்கமா ஒளிய விட்டு, பொடிகள்ல பட்டு 90 டிகிரி பக்கவாட்டுல செதறி வர்ற வெளிச்சத்த அளக்குது. அந்த அளவுக்குத்தான் என்.டி.யூ.ன்னு பேரு, நெஃபலோமெட்ரிக் டர்பிடிட்டி யூனிட்ங்கிறதோட சுருக்கம், கிரேக்கத்துல நெஃபெலேன்னா மேகம். சுமார் 4 என்.டி.யூ. வந்தாத்தான் மங்கல் நம்ம கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இந்த எண்ண மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இங்க ஒரு விஷயத்த பிரிச்சுப் பாக்கணும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு மை விட்டா நிறம் மாறும், ஆனா அந்தப் பக்கம் இருக்குறது தெரியும். அதே டம்ளர்ல கொஞ்சம் சாக்பீஸ் தூள போட்டா அந்தப் பக்கம் மறைஞ்சிரும். ரெண்டாவதுதான் டர்பிடிட்டி. அதே மாதிரி வண்டல்ங்கிற சொல்லையும் இதுக்குப் போடக்கூடாது, வண்டல் அடியில படிஞ்சது, நாம பேசுறது இன்னும் படியாதது. படியாதுன்னா எவ்ளோ நேரம் படியாதுன்னு கேட்டா, அசையாத தண்ணியில ஒரு மீட்டர் ஆழம் எறங்க, 0.1 மில்லிமீட்டர் நைஸ் மணலுக்கு சுமார் 2 நிமிஷம் போதும், 0.01 மில்லிமீட்டர் பொடிக்கு 3 மணி நேரம் ஆகும், 0.001 மில்லிமீட்டர் களிமண் பொடிக்கு கிட்டத்தட்ட 13 நாள் ஆகும். துகள் பத்துல ஒரு பங்கா சிறுசானா எறங்குற நேரம் நூறு மடங்கு கூடுது. அசையாத தண்ணியிலயே இப்படின்னா ஓடுற தண்ணியில அந்தக் களிமண் எங்க படியப் போகுது, வேலை நடக்குற எடத்த தாண்டி அது பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் சேறு ஓடையில எறங்குனதுக்கு அப்புறம் அத திரும்ப எடுக்குற வழியே கிடையாது, எறங்கவிடாம தடுக்குறது மட்டும்தான் வழி.

இப்ப தமிழுக்கு வருவோம். இதுக்கு நாம புதுசா எதையும் செய்யவேண்டியதில்ல, கலங்கல்ங்கிற சொல் காலங்காலமா இதுக்குன்னே இருக்கு. கலங்குங்கிற வினையிலருந்து வந்தது, மலையாளத்துல கலங்ஙுகன்னு அப்படியே இருக்கு, கன்னடம் தெலுங்குலயும் இதே குடும்பத்துச் சொல்லுங்க உண்டு. இன்னும் பழைய வடிவங்கள் கலுழி, கலிழி. ஐங்குறுநூறுல ஒரு பொண்ணு, தலைவனோட நாட்டுல தழை மூடிக்கெடக்குற கெணத்துல மான் குடிச்சது போக மிச்சமிருக்குற கலிழி நீர்தான் தேன் கலந்த பாலவிட இனிக்குதுன்னு அவ தோழிகிட்ட சொல்றா. கலித்தொகையில இன்னொன்னு, இல்லத்துக் காழ் போட்டு தேத்தின கலங்கின தண்ணி மாதிரி ஒருத்தி மனசு தெளிஞ்சான்னு வரும், இல்லம்னா அங்க வீடு இல்ல, தேத்தா மரம், காழ்னா அதோட கொட்டை. தண்ணி கலங்குது, மனசும் கலங்குது, கண்ணும் கலங்குது. தண்ணிய தெளிய வைக்கிறதும் தேத்துறதுதான், அழுற ஆள சமாதானம் பண்றதும் தேத்துறதுதான். லத்தீன்காரங்க தண்ணியோட கலங்கலையும் மனசோட ட்ரபிளையும் ஒரே வேர்லருந்து எடுத்த மாதிரியே நாமளும் எடுத்திருக்கோம், ரெண்டு மொழிக்கும் எந்த ஒறவும் இல்லாமலே.

ஆனா தமிழ்ல கூடுதலா ஒண்ணு இருக்கு, எனக்கு இந்தச் சொல் மேல இவ்ளோ பிடிப்பு வந்ததே அதனாலதான். கலங்குன்னா தானா ஆகுறது, கலக்குன்னா ஒருத்தர் செய்யுறது. மழை பெஞ்சா ஓடை கலங்கும். எந்திரம் எறங்குனா ஓடைய கலக்கும். டர்பிடிட்டின்னு சொன்னா மீட்டர் காட்டுற எண்ணு மட்டும்தான் தெரியுது, அது யாரால வந்ததுன்னு அந்தச் சொல்லுக்குள்ள இல்ல. தமிழ்ல அந்த வித்தியாசம் ஒரு 'ங்'கும் ஒரு 'க்'கும்தான். பாலம் மாத்துற வேலையில தண்ணியக் காப்பாத்துறதுக்கு போடுற விதியெல்லாம் கடைசியில இந்த வித்தியாசத்த அளக்குறதுக்குத்தான்.

எப்படின்னா, வேலை நடக்குற எடத்துக்கு மேல்பக்கம் ஒரு சாம்பிள், கீழ்பக்கம் ஒரு சாம்பிள். மேல இருக்குறது ஓடை தானா கலங்குன அளவு. கீழ இருக்குறதுலருந்து அத கழிச்சா வர்றது நாம கலக்குன அளவு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்தோட விதிய உதாரணமா சொல்லலாம், மீன் முட்டையிடுற ஓடைகள்ல மேல்பக்க அளவு 50 என்.டி.யூ. இல்ல அதுக்கும் கம்மியா இருந்தா கீழ்பக்கம் அதவிட 5 என்.டி.யூ.வுக்கு மேல கூடக்கூடாது, 50ஐத் தாண்டியிருந்தா 10 சதவீதத்துக்கு மேல கூடக்கூடாது. எவ்ளோ தள்ளி அளக்கணும்கிறதுக்கும் கணக்கு இருக்கு, சின்ன ஓடைன்னா வேலை எடத்துலருந்து 100 அடி, நடுத்தரம்னா 200, பெருசுன்னா 300 அடி. முன்னாடி சொன்ன 4ங்கிற எண்ண இங்க வச்சுப் பாருங்க, தெளிஞ்சு ஓடுற ஓடையில 5 கூடுறதுன்னா கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்ச ஒடனேயே எல்லைக்கு வந்துட்டோம்னு அர்த்தம். அந்தப் பெரியவருக்கு மீட்டர் தேவைப்படாததுல ஆச்சரியமே இல்ல.

சாம்பிள் எடுக்குறதுலயும் இதே கவனம்தான். ஓடைக்குள்ள எறங்கினா நீர் வர்ற தெசைய பாத்து நின்னு நமக்கு முன்னாடி இருக்குற தண்ணியத்தான் மொள்ளணும், இல்லன்னா நம்ம காலு கிளப்புன சேத்தையே பாட்டில்ல புடிச்சிட்டு ஓடைய குத்தம் சொல்லுவோம். மீட்டர்ல வைக்கிற சின்னக் கண்ணாடிப் புட்டிய குலுக்கக்கூடாது, மெதுவா தலைகீழா ஆக்கி ஆக்கி திருப்பணும், குலுக்கினா காத்துக்குமிழி ஏறி அதுவும் ஒளிய செதறடிச்சு அளவ ஏத்திக் காட்டும். வெளிப்பக்கம் வெரல் ரேகை இல்லாம தொடைக்கணும். ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்தா மணல் அடியில எறங்கி அளவு கம்மியா காட்டும், அது இன்னும் மோசம், கலக்குனவங்களுக்கு சாதகமான பொய்.

பாலம் வேலையில கலக்குற எடங்கள்னு பாத்தா முக்கியமா பழைய தூண எடுக்குறப்ப. வேரோட புடுங்கினா அத்தனை வருஷமா சுத்தி படிஞ்சு கெடந்த சேறு மொத்தமும் எழும்பும், அதனாலதான் பல எடங்கள்ல படுகைக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் மட்டும் அறுத்து எடுத்துட்டு மிச்சத்த மண்ணுக்குள்ளயே விட்டுர்றாங்க. புது தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட, ஷீட் பைல்ங்கிற இரும்புத் தகடுகள அடிச்சு சுத்தி அடைச்சு, காஃபர் டேம்ங்கிற தற்காலிக அடைப்ப கட்டி உள்ள இருக்குற தண்ணிய பம்ப் பண்ணி எறைப்பாங்க. மேலோட்டமா இருக்குற தண்ணி தெளிவாத்தான் வரும், அடி நெருங்க நெருங்க கெட்டியா சேறா வரும், அந்தத் தண்ணிய நேரா ஓடையில விடவே கூடாது, கரைய விட்டுத் தள்ளி புல் இருக்குற எடத்துல வடிகட்டுற பைக்குள்ளயோ தெளிய விடுற தொட்டிக்குள்ளயோ விடணும். பலரும் கோட்டை விடுறது கடைசி நாள்ல. வேலை முடிஞ்சிருச்சேன்னு அடைப்ப ஒரேயடியா தெறந்து விட்டா உள்ள காஞ்சு பொடியா கெடந்த மண்ணெல்லாம் ஒரே தள்ளுல வெளிய வந்துரும், அத்தனை மாசம் பாத்துப் பாத்து காப்பாத்தின தண்ணி அரைமணி நேரத்துல போயிரும். ஒரு ஓரமா கொஞ்சமா தெறந்து, தண்ணி உள்ள ஏறி தெளிஞ்ச பிறகு மீதிய எடுக்கணும், பொறுமை வேணும்.

இவ்ளோ மெனக்கெடுறது தண்ணி பாக்க அழகா இருக்கணும்னு இல்ல. பொடி மீனோட செவுள்ல ஒட்டி மூச்ச தடுக்கும், கண்ணால பாத்து எர புடிக்கிற மீனுக்கு எர தெரியாது, கூழாங்கல்லுக்கு நடுவுல கெடக்குற முட்டை மேல படிஞ்சா ஆக்சிஜன் போகாம முட்டை அங்கேயே செத்துரும். வெளிச்சம் எறங்காட்டி அடியில இருக்குற பாசியும் வளராது, அத தின்னு வாழுற பூச்சிங்களுக்கும் கஷ்டம்.

கலங்கல்ங்கிற அளவால சொல்ல முடியாததும் ஒண்ணு இருக்கு. புது கான்கிரீட் கழுவுன தண்ணி, சிமெண்டு பொடியெல்லாம் அடியில எறங்குன பிறகு மேல தெளிவாத்தான் தெரியும், மீட்டர்லயும் சின்ன எண்ணுதான் வரும், ஆனா அதோட பி.எச்., அதாவது அமில-கார அளவு, 12க்கு மேல கடுங்காரமா இருக்கும், மீனுக்கு அது நேரடி சாவு. அதனால பாலம் வேலையில கலங்கல பாக்குற அன்னைக்கே பி.எச்.சையும் பாக்கணும், ஒண்ணு மட்டும் போதாது.

எழுதுற முறைக்கு வர்றேன். புத்தகங்கள்ல கலங்கல் தன்மைன்னு போடுறாங்க, தப்பில்ல. ஆனா இலக்கணப்படி சேத்து எழுதுறேன்னு கலங்கற்றன்மைன்னு எழுதிராதீங்க, நடுவுல 'அற்ற' இருக்குற மாதிரி கண்ணுல பட்டு கலங்கலே இல்லாத தன்மைன்னு நேர் எதிரா படிக்க வாய்ப்பிருக்கு. வெறும் கலங்கல்னே போதும், எண்ணு சொல்லும்போது கலங்கல் அளவுன்னு சொல்லலாம். ள போட்டு களங்கல்னு எழுதுறதும் பாக்குறேன், களங்கம்னா கறை, அது வேற சொல். கலக்கல்னும் வேணாம், இப்ப அது பிரமாதம்ங்கிற அர்த்தத்துல ஓடுது. ஏரியில உபரித்தண்ணி வெளிய போற கலிங்கோ கலுங்கோ இதோட சேராது. மீட்டருக்கு கலங்கல்மானின்னு சொன்னா யாருக்கும் புரியும்.

டர்பிடிட்டி கர்ட்டன்னு தண்ணியில தொங்கவிடுற துணிய கலங்கல் திரைன்னு சொல்லலாம். திரைன்னு பேரு வச்சதும் அது எல்லாத்தையும் மறைச்சு நிறுத்திரும்னு நெனைச்சுக்கிட்டு வேகமா ஓடுற ஓடைக்கு குறுக்க கட்டுறவங்க இருக்காங்க, கட்டவே கூடாது, தண்ணி அத பாய்மரம் மாதிரி தள்ளி அடிப்பக்கத்த மேல தூக்கிரும், அந்தத் துணியே படுகைய கிளறிவிடும். மெதுவா நகர்ற தண்ணியில, ஓட்டத்துக்கு ஒத்தாப்புல, வேலை எடத்த ஒட்டி வளைச்சு கட்டினாத்தான் அது திரை.

அந்த போர்டு என்னாச்சுன்னா, வேலைய பாத்துக்கிட்டிருந்தவங்ககிட்ட சொன்னேன், அடுத்த தடவ போனப்ப மாத்தியிருந்தாங்க. "ஓடையைக் கலக்கினால் பணி நிறுத்தப்படும்"னு ஒரே வரி, கீழ ரெண்டு சாம்பிள் எடத்தோட படம்.