கிடக்கிறதா, நிற்கிறதா?

காசிமேட்டில் கரையேற்றிய படகை ‘நிற்கிறது’ என்றால் அது அங்கே இருப்பது மட்டுமே தெரியும். ‘கிடக்கிறது’ என்றாலோ, கவனிப்பாரில்லாத படகு என்று கேட்பவர் எண்ணிக்கொள்வார். தமிழ் வினையில் ஒட்டியிருக்கும் இந்தக் கூடுதல் பொருள்தான், ஆங்கிலத்தில் ‘லை’ என்ற வினையை எடுத்தாள நம் மாணவர்களைத் தயங்க வைக்கிறது என்பது என் கணிப்பு.

ஆங்கில ‘லை’ கிடைநிலையைக் குறிக்கிறதே தவிர, தன்னளவில் இகழ்ச்சியைக் குறிப்பதில்லை. கேட்பாரற்றுக் கிடப்பதைச் சொல்ல ‘அரவுண்ட்’ போன்ற துணைச்சொல் வேண்டும். அதனால்தான் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள எண்ணூருக்கும் ‘லைஸ்’ என்ற வினை தயக்கமின்றிப் பொருந்துகிறது. அடிப்பகுதி ஊன்றி நிமிர்ந்திருப்பவற்றுக்கு ‘ஸ்டாண்ட்’, மேலிருந்து தொங்குபவற்றுக்கு ‘ஹேங்’. எதுவும் பிடிபடாவிட்டால் ‘இஸ்’ போதும், அது பிழையாகாது. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் மொழியில் இந்தச் சலுகை மிகக் குறைவு: அங்கே மேசைமேல் உள்ள சாப்பாட்டுத் தட்டுகூட, தன் அடிப்பகுதியில் அமர்ந்திருப்பதால், ‘நிற்கிறது’ என்றே சொல்லப்படும்.

வினையைத் தேர்ந்த பிறகும் ஒரு நுட்பம் எஞ்சுகிறது. தமிழில் தண்டையார்பேட்டைத் தெருவோர மீன்பாடி வண்டியும், 1856இல் ரயில் ஓட்டம் தொடங்கிய ராயபுரம் நிலையக் கட்டடமும் ஒரே ‘நிற்கிறது’தான். ஆங்கிலமோ, நாளை வேறிடத்துக்குப் போகக்கூடிய வண்டிக்கு ‘இஸ் ஸ்டாண்டிங்’ என்றும், இடம்பெயராத கட்டடத்துக்கு ‘ஸ்டாண்ட்ஸ்’ என்றும் பிரிக்கிறது. எண்ணூரை ‘இஸ் லையிங்’ என்று எழுதினால், ஊரே தற்காலிகமாக அங்கே வைக்கப்பட்டது போன்ற பொருள் தொனிக்கும்.

மிகுதியாகத் தவறுவது ‘லை’, ‘லே’ இரண்டிலும்தான். இதற்குத் தமிழிலேயே திறவுகோல் உண்டு. கிட என்பதிலிருந்து கிடத்து, நில் என்பதிலிருந்து நிறுத்து என்று நாம் விகுதி சேர்த்துப் பிறவினை ஆக்குவதுபோல, ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் தன்வினையிலிருந்து பிறவினை பிறந்தது. விகுதி தேய்ந்துபோய், இன்று உயிரொலி வேறுபாடு மட்டும் தெரிகிறது. ‘சிட்’, ‘செட்’ இணையும் அப்படி வந்ததே. ஆகவே தானே கிடப்பது ‘லை’, ஒன்றைக் கிடத்துவது ‘லே’. சிக்கல் என்னவென்றால், ‘லை’யின் இறந்தகால வடிவமும் ‘லே’யாகவே இருக்கிறது. வலை நேற்றுக் கரையில் கிடந்தது என்றால் ‘லே’. வலையை நேற்றுக் கரையில் கிடத்தினார்கள் என்றால் ‘லெய்ட்’.