கோபுரக் கலசத்தில் இரிடியம் கிடையாது

தங்கத்தின் தரம் பார்த்துச் சொல்வது என் தொழில். உலோகத்தில் என்ன சந்தேகம் வந்தாலும் ஆட்கள் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருகிறார்கள். பழைய செம்புக் கலசத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "சார், இதுல இரிடியம் இருக்கானு பாருங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பெரும்பாலும் அதற்குள் யாரிடமோ பணத்தைக் கட்டியிருப்பார்கள்.

இரிடியம் என்பது பிளாட்டினம் போன்ற ஓர் அரிய உலோகம். அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை ஒன்றுதான்: இடி விழுந்த கலசத்தில் செம்பு இரிடியமாகிவிடும், அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் பல கோடிக்குப் போகும். மின்னல் தாக்கினால் செம்பு உருகும், கருகும். ஆனால் செம்பு அணுவில் 29 புரோட்டான், இரிடியத்தில் 77. எந்த இடியாலும் அந்த வித்தியாசத்தை நிரப்ப முடியாது. கருவியில் வைத்துப் பார்த்தால் திரையில் செம்பு வரும், துத்தநாகம் வரும், முலாம் பூசியிருந்தால் கொஞ்சம் தங்கம் வரும். அவ்வளவுதான்.

சரி, அரிசி எப்படி ஒட்டுகிறது? அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருப்பார்கள், பாத்திரத்துக்குள் காந்தம் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுபோய் இழுக்கச் சொல்லுங்கள், ஒரு மணிகூட நகராது. உண்மையான இரிடியம் காந்தத்தில்கூட ஒட்டாது.

இரிடியத்தை 1803இல் லண்டனில் கண்டுபிடித்தவர் ஸ்மித்சன் டென்னன்ட். பிளாட்டினத் தாதுவை, தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் கரைத்தபோது கரையாமல் தங்கிய கறுப்புத் தூளில் அது இருந்தது. இன்று பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் சுரங்கங்களில், பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து டன்கூடத் தேறாது. 2021இல் ஒரு அவுன்ஸ் 6,000 டாலரைத் தாண்டியது. மோசடிக்காரர்களுக்கு வசதியாகப் போனது இந்த விலைதான். ஒரு லிட்டர் பால் பிடிக்கும் இடத்தில் இரிடியத்தை நிரப்பினால் 22 கிலோவுக்கு மேல் நிற்கும். உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஸ்பார்க் பிளக் முனையிலும், படிகம் வளர்க்கும் மூசைகளிலும் (உருக்கும் கிண்ணங்கள்) அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கதிர்வீச்சு உடை மாட்டிக்கொண்டு வந்து பயம் காட்டுவதும் உண்டு. இயற்கையில் கிடைக்கும் இரிடியத்துக்குக் கதிரியக்கம் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், வெல்டிங் சோதனைக்கும் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்க வகை அணு உலையில் தயாராவது. அது கடும் கட்டுப்பாட்டில் இருக்கும், கலசத்தில் இருக்காது.

எனக்கு மிகவும் வலிப்பது, இந்தப் பேச்சை நம்பிக் கோயில் கலசங்களையே திருடுவதுதான். தலைமுறைகளாகக் குடமுழுக்கு கண்ட கலசம், கடைசியில் பழைய செம்பு விலைக்குக்கூடப் போகாமல் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது.

ரிசர்வ் வங்கி முத்திரையோடு 'இரிடியம் விற்ற பணம் வந்துவிட்டது, வரி மட்டும் கட்டுங்கள்' என்று யாராவது காகிதம் நீட்டினால் அது போலி. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் அந்தக் காகிதம், வாட்ஸ்அப் செய்திகள், வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காமல் மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்தால், அதே ஆள் அடுத்த தெருவில் கடை விரிப்பான்.