அந்தக் குடுவையைக் கராஜில் விட்டுவிடாதீர்கள்

கடந்த வருடம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் மகனும் புதுக்கடையில் உள்ள என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே விரல்நகம் அளவில், ஓரம் கிழிந்த உலோகத் துண்டு. காரின் எயார்பேக் வெடித்தபோது மகனின் தோள்பட்டையில் பாய்ந்து, சத்திரசிகிச்சை செய்து எடுத்தது.

"முன்னால போன ஆட்டோவில லேசாத்தான் இடிபட்டது, சேர். கண்ணாடிகூட உடையேல்ல" என்றான் பையன்.

கார் எங்கே என்று கேட்டேன். காப்புறுதிக்காரர் பார்த்துப் போனதும் கராஜில் திருத்தி எடுத்தாயிற்றாம். கழற்றிய எயார்பேக்? பழைய இரும்போடு போய்விட்டது. பாதி வழக்கும் அதோடு போய்விட்டது.

எயார்பேக்குக்குப் பின்னால் இன்ஃபிளேட்டர் என்ற உலோகக் குடுவை இருக்கிறது. மோதியதும் அதிலுள்ள இரசாயனம் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் இதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரப்பதமும் ஏறி இறங்கும் வெப்பமும் வருடக்கணக்கில் பட்டால் அது சிதைந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது குடுவையே வெடித்துச் சிதறும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃபிளேட்டர்கள் மாற்றிக் கொடுப்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. புளோரிடா போன்ற புழுக்கமான மாநிலங்களுக்கே அங்கு முன்னுரிமை. அப்படியென்றால் கொழும்புக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

2017 ஜனவரியில் தகாட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. அதில் 85 கோடி கார்க் கம்பனிகளுக்கு, காயப்பட்டவர்களுக்கு 12.5 கோடிதான். அதே ஜூனில் வங்குரோத்து. இங்கிருந்து அந்தக் கம்பனியைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

சரி, இங்கே யாரைப் பிடிப்பது? இலங்கையில் உற்பத்திப் பொறுப்புக்கென்று, அதாவது பழுதான பொருளுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்று சொல்ல, தனிச் சட்டம் கிடையாது. வாகன வியாபாரியிடம் நேரடியாக வாங்கியிருந்தால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் கைகொடுக்கும். அவருடைய கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள். எயார்பேக்கின் கோளாறு மூன்று மாதத்திலா தெரியவரும்? இவர்களோ முந்தைய சொந்தக்காரரிடம் வாங்கியவர்கள். மிச்சம், நம் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி நட்டஈட்டு வழக்கு. அதில் தவறு யாருடையது என்று நாம்தான் காட்டவேண்டும், இரண்டு வருடத்துக்குள். வெடித்த குடுவை இல்லாமல் எதைக் காட்டுவது?

ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியாகும் ரீகண்டிஷன் கார்களில் இன்னொரு சிக்கல். ஜப்பானில் திரும்ப அழைத்தாலும் கடிதம் வெள்ளவத்தைக்கு வராது. அந்தக் கார்களின் சேசிஸ் நம்பர் குட்டையானது, அமெரிக்கத் தளங்களில் போட்டால் ஏற்காது. தயாரித்த கம்பனியின் ஜப்பானியத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம், சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது யாரோ கைவைத்திருக்கலாம்.

அந்தப் பையனுக்கு விபத்து நடந்து இருபது மாதம் ஆகியிருந்தது. காப்புறுதி மதிப்பீட்டாளர் எடுத்த படங்களை எழுத்தில் கேட்டு வாங்கினோம். நான்காவது படத்தில் ஸ்டியரிங்கின் நடுவே குடுவை இருந்த இடம் பூ விரிந்ததுபோல் பிளந்திருக்கிறது. அதையும் போத்தலையும் இப்போது ஓர் இயந்திரப் பொறியியலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.