ஹைப்ரிட் கார்: கலப்பினமா, இருவிசையா?

பெங்களூரு சில்க் போர்டு சிக்னல்ல நின்னப்போ இன்ஜின் சத்தமே இல்ல, பக்கத்துல மாமா "என்னடா, ஆஃப் ஆயிடுச்சா"ன்னு பதறிட்டார், இல்ல மாமா, பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் இப்படித்தான், நின்னா இன்ஜின் அணைஞ்சுடும்னேன், உடனே "அதுக்குத் தமிழ்ல என்ன"ன்னு கேட்டார் பாருங்க, அல்சூர்லயே பொறந்து வளந்தவன், கன்னடத்துல கேட்டாலும் முழிச்சிருப்பேன்.

லத்தீன்ல ஹைப்ரிடான்னா வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பொறந்த குட்டி. நம்மூர்ல கோவேறு கழுதை, சங்கப் பாட்டுல அத்திரின்னு வரும். அந்த வழியிலதான் 'கலப்பினம்'னு எழுதுறாங்க. சோள விதைக்கு சரி. காருக்கு ஏது இனம்? சரி 'கலப்பு'ன்னு மட்டும் சொல்லலாம்னா பங்க்ல நடக்குற கலப்படம்தான் ஞாபகம் வருது. தவிர கோவேறு கழுதைல குதிரை எது கழுதை எதுன்னு பிரிக்க முடியாது, இங்க பெட்ரோல் இன்ஜின் தனி, மோட்டார் தனி, பிரேக் அழுத்தினா அதே மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரிய ஏத்தும். அதனால என் ஓட்டு 'இருவிசைக் கார்'.

இதுலயே எடை கம்மியான கான்செப்ட் கார்னு ஒண்ணு இருக்கு, அதாவது விக்கிறதுக்கு இல்லாம, யோசனையக் காட்டுறதுக்குன்னு செய்யுற கார். 2007 டோக்கியோ மோட்டார் ஷோல டொயோட்டா காட்டுன 1/எக்ஸ் வெறும் 420 கிலோ, கார்பன் ஃபைபர் பாடி, 500 சிசி இன்ஜின், உள்ள அவங்களோட பிரியஸ் ஹைப்ரிட் கார் அளவு இடம் ஆனா எடை அதுல மூணுல ஒரு பங்கு. பாடி லேசானா சின்ன இன்ஜின் போதும், சின்ன பேட்டரி போதும், அதனால இன்னும் லேசாகும், நின்னு நின்னு போற நம்ம ஊர் டிராஃபிக்ல ஒவ்வொரு தடவையும் தள்ளி எடுக்க வேண்டிய பாரமும் கம்மி. இத 'இலகுரக'ன்னு சொல்ல முடியாது, லைசென்ஸ்ல அந்த வார்த்தை 7,500 கிலோ வரைக்கும் போகுது! 'எடைகுறை'ன்னே வச்சுக்கலாம். கான்செப்டுக்கு 'மாதிரி'ன்னா சாம்பிள் மாதிரி ஆயிடும், 'கருத்துரு' பொருத்தம். ஆக எடைகுறை இருவிசைக் கருத்துருக் கார், சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிக்னல் விழுந்துடும்.

கருத்துரு ரோட்டுக்கும் வந்திருக்கு. ஃபோக்ஸ்வேகன் எக்ஸ்எல்1, 795 கிலோ, 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் டீசல்னு கம்பெனி கணக்கு, 250 கார்தான் செஞ்சாங்க.

மைல்ட் ஹைப்ரிட் மட்டும் இந்தப் பேர்ல சேராது, அதுல மோட்டார் தனியா காரை ஓட்டாது, இன்ஜினுக்கு கை குடுக்கும், அவ்ளோதான். அதுக்கு மாமா 'ஒண்ணேகால் விசை'ன்னு பேர் வச்சிருக்கார்.