நரம்பு மறிப்பு: தோள்வலிக்கு ஒரு சொல்

"என் நரம்பில் அடைப்பு வைக்கப் போகிறார்கள்." மொரிஷியஸில், காத்ர் போர்னில் நான் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பில் ஓர் ஐயா எழுதிக் காட்டிய வாக்கியம் இது. வீட்டில் கிரியோல் பேசுபவர், ஓய்வுபெற்ற பிறகு தமிழ் படிக்க வந்தவர். எட்டு மாதமாகத் தோள்வலி. சட்டை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைத்துக்கொண்டுதான் மற்றக் கையை எடுப்பார். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிய தோள் அது.

டாக்டர் பிரெஞ்சில் 'ப்ளொக் நெர்வே' என்றிருக்கிறார். ஐயா அகராதியைப் பார்த்து 'அடைப்பு' என்று எழுதிவிட்டார். வகுப்பில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா பதறிப்போனார். பதறாமல் என்ன செய்வார்? அடைப்பு என்றால் நமக்கு நோய். இதயத்தில் அடைப்பு என்றால் ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும்.

நடப்பது வேறு. தோள்மூட்டின் உணர்வில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஒரே நரம்புதான் கொண்டுபோகிறது. கழுத்திலிருந்து இறங்கி, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் உள்ள சிறு பள்ளம் வழியாகப் போகும் நரம்பு. அதன் அருகில் பியூபிவக்கெய்ன் போன்ற மரப்பு மருந்தை, பெரும்பாலும் ஸ்டீராய்டும் சேர்த்து, ஊசியால் விடுகிறார்கள். சோடியம் அணுக்கள் நரம்புக்குள் நுழையும் வாயில்களை மருந்து மூடிவிடுவதால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மரமரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், ஆனால் வலிக்குறைவு பலருக்கு வாரக்கணக்கில் நிற்கிறது. இறுகிப்போன தோளை அந்த இடைவெளியில்தான் பயிற்சி செய்து இளக்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் பழக்கமான 'ஆன்ஃபில்த்ராசியோன்' இதுவல்ல. அது மூட்டுக்குள்ளேயே போடுவது.

'பிளாக்' என்ற சொல்லின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய டச்சில் 'ப்ளொக்' என்றால் மரக்கட்டை. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. நம் தீவும் அதே வரிசையில்தான் கைமாறியது: 1638-இல் டச்சுக்காரர், 1715-இல் பிரெஞ்சுக்காரர், 1810-இல் ஆங்கிலேயர். கட்டையைக் குறுக்கே போட்டால் வழி நின்றுபோகும். அந்தப் பொருள்தான் மருத்துவத்துக்கும் வந்தது.

'நரம்பு' நம்முடைய பழஞ்சொல். யாழின் தந்திக்கு அதுதான் பெயர், இலையில் ஓடுவதும் நரம்பு. புறநானூறு 278-இல் ஒரு கிழவியின் தோளைப் பற்றி "நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்" என்று வருகிறது. அங்கே நரம்பு என்பது தோலுக்கு மேல் புடைத்துத் தெரியும் நாளம். உணர்வைக் கடத்தும் இழை என்ற பொருள் நவீன மருத்துவத்தோடு உறுதிப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நரம்புத் தடுப்பு ஊசி' என்று பலர் எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் சேர்த்துப் படித்தால் தடுப்பூசி ஆகிவிடுகிறது. குழந்தைக்குப் போடுவதையும் தோளுக்குப் போடுவதையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது. ஈழத்தில் வழங்கும் 'விறைப்பூசி' நல்ல சொல். ஆனால் பல்லுக்குப் போடுவதும் அதுதான், எந்த நரம்பு என்று அது காட்டாது.

நான் 'நரம்பு மறிப்பு ஊசி' என்பேன். வழிமறித்தல், சாலை மறியல் எல்லோருக்கும் தெரிந்தவை. மறித்தவர் விலகினால் பாதை அப்படியே இருக்கும். நரம்பு சேதமாகவில்லை, செய்தி மட்டும் கொஞ்ச நேரம் நிற்கிறது என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பயந்துபோன நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதானே.

ஐயா 'அடைப்பு வைக்க' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார்: "என் தோள் நரம்பை மறித்து ஊசி போடப் போகிறார்கள்." அம்மா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அப்புறம், "எப்போது கையைத் தூக்கலாமாம்?" என்று கேட்டார்.